கை இறுக்கத்தில் நான்கு நட்டுகள்

செய்து முடித்த காரியத்தை மறுபடி சரிபார்க்கும் பழக்கம் மட்டும் மனித இனத்துக்கு இல்லாமல் இருந்திருந்தால், மனிதன் முந்நூறு வருஷத்துக்கு முன்பே நிலாவில் கால் வைத்திருப்பான். அதுவும் குடும்பத்தோடு.

இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. கல்லூரியில் புள்ளியியல் சொல்லித்தரும் விரிவுரையாளர் ஒருவர், ஒரு சனிக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, தம் வீட்டுக் கார் கொட்டகையில், காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, முகத்தில் துரு உதிர உதிரச் சொன்னது. அவரிடம் கணக்கு இருந்தது. பூட்டிய கதவை ஆட்டிப் பார்க்க, அணைத்த அடுப்பை எட்டிப் பார்க்க, பையில் போட்ட சாவியைத் தடவிப் பார்க்க என்று ஒரு மனிதன் ஒரு நாளில் செலவழிக்கும் நேரம் சராசரியாகப் பதினோரு நிமிடம். இதை ஆயுளால் பெருக்கி, ஜனத்தொகையால் பெருக்கி, கடைசியில் வரும் எண்ணை அவர் வகுப்பில் எழுதும்போது கரும்பலகை போதாமல் சுவரில் இரண்டு பூஜ்யம் போடுவார்.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒருதரம்'. விடைத்தாளை ஒரு தரம்தான் திருத்துவார். மறுகூட்டல் கேட்டுப் போன ஒருவனுக்கு நான்கு மதிப்பெண் குறைந்து திரும்பி வந்ததாக ஒரு வதந்தி உண்டு. அந்த வதந்தியைக் கிளப்பியதே அவர்தான் என்றும் ஒரு வதந்தி உண்டு. இரண்டையும் யாரும் சரிபார்க்கவில்லை.

"நிலா இருக்கட்டும் மாமா. உங்க தலைக்கு மேல இருக்கிற வண்டி ஸ்டாண்டுல நேரா உக்காந்திருக்கா?" என்று கேட்டான் மச்சினன்.

மச்சினன் என்றால் ஒருதரத்தின் மனைவிக்குத் தம்பி. இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருப்பவன். இரண்டு தரம் அளந்து ஒரு தரம் வெட்டுகிறவன். கார் வேலைக்கும் அவனுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அக்கா சொல்லி அனுப்பினாள் என்பதற்காக வந்து, கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு ஸ்பானரைக் கத்தரிக்கோல் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேரா இருக்குன்னு ஒரு தடவை பாத்தாச்சு மாப்ளே."

"எப்போ பாத்தீங்க?"

"வைக்கும்போது."

"இல்ல, வச்சப்புறம்..."

"நீ நிலாவுக்கே போக மாட்டே," என்றார் ஒருதரம் வருத்தத்துடன்.

கார் இருபத்திரண்டு வயசான நாலு கதவு வண்டி. பார்க்கக் குடும்பஸ்தன் மாதிரி இருக்கும். மிதித்தால் பந்தயத்துக்குப் போகும். கல்யாணத்துக்கு முன்பே அதை வாங்கிவிட்டதால் மனைவி அதை 'மூத்தவ' என்பாள். அம்மாவுக்கு மூத்தவள் என்றால் தனக்கு என்ன முறை என்று யோசித்து, ஏழு வயது மகள் அதைப் 'பெரியம்மா' என்று கூப்பிடுவாள். சமீப காலமாகப் பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் அடுத்த தெருமுனை வரை படகுபோல ஆடிக்கொண்டே போனாள். எனவே பழைய ஸ்பிரிங், பழைய ஷாக் அப்சார்பர், நைந்த ரப்பர் புஷ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குட்டையும் விறைப்புமான புதுச் சாமான்களைத் தம் கையாலேயே மாட்டுவது என்று ஒருதரம் முடிவெடுத்தார். ஒர்க்‌ஷாப்பில் விடுவதை அவர் விரும்பவில்லை. அங்கே எதையும் இரண்டு தடவை பார்ப்பார்களாம்.

வேலை சனிக்கிழமையே முடிந்தாக வேண்டும். ஞாயிறு காலை மனைவி அந்தக் காரில்தான் மலை இறங்கப் போகிறாள். ஊர் மேட்டில் இருந்தது. கண் ஆஸ்பத்திரி கீழே சமவெளியில். இடையில் பதினொரு கொண்டை வளைவு. அவளுடைய அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்து, ஞாயிறு பகலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு அவரை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவர முடியாது. தாத்தாவைக் கூட்டிவர மகளும் போகிறாள். பின் சீட்டில் தாத்தாவுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று சொல்லிக்கொண்டு வரும் உத்தியோகம் அவளுக்கு.

பத்து மணிக்கு முதல் ஸ்பிரிங் வெளியே வந்தது.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாக்கின் மேல் அமுங்கி உட்கார்ந்திருக்கும்போது அது சாதுவாகத் தெரியும். அதைப் பிரிக்க, இரண்டு பக்கமும் கொக்கி போட்ட நீளத் திருகுகளை மாட்டி, மாறி மாறி முடுக்கி, இன்னும் அமுக்க வேண்டும். அப்படி அமுக்கிய ஸ்பிரிங் ஒரு காரின் கால்வாசி எடையைத் தனக்குள் வைத்துக்கொண்டு, பேசாமல், கொட்டகைத் தரையில் கிடக்கும். அதன் முன் குனிகிறவர்களுக்குத் தானாகவே குரல் தணிந்துவிடும்.

"மாமா, திருகோட வந்த தாள்ல 'முகத்தை நேர் எதிரே வைக்காதீர்'னு போட்டிருக்கு."

"ஒரு தடவை படிச்சாச்சு."

"நீங்க இப்ப நேர் எதிரேதான் இருக்கீங்க."

ஒருதரம் நகர்ந்தார். பயந்து அல்ல, கால் மரத்துப்போனதால். அவர் நகர்ந்த அதே நேரம், இடது கொக்கி அரை விரல் வழுக்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். ஸ்பிரிங்கைக் காணவில்லை. தேடியபோது அது பின்சுவரின் ஓரம் சுருண்டு கிடந்தது. சுவரில், ஒருதரம் உட்கார்ந்திருந்தால் காது எங்கே இருந்திருக்குமோ அந்த உயரத்தில், ஒரு பள்ளம். சிமெண்ட்டுத் தூள் மெதுவாக, மாவு சலிப்பதுபோல, இறங்கிக்கொண்டிருந்தது.

மச்சினன் அளவு நாடாவைப் பள்ளத்தின் மேல் வைத்துப் பார்த்தான்.

"நடக்காத விபத்து விபத்தே இல்ல மாப்ளே," என்றார் ஒருதரம். "புள்ளிவிவரத்துல அதுக்குக் கட்டமே கிடையாது." பிறகு உள்ளே போய்ப் போன வருஷக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து பள்ளத்தின் மேல் மாட்டினார். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று மச்சினனும் கேட்கவில்லை.

மற்ற மூன்று ஸ்பிரிங்கும் ஒழுங்காக வந்தன. அந்த ஒழுங்குதான் மச்சினனுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான்.

மதியத்துக்கு மேல் மாட்டும் படலம். இங்கே மச்சினன் ஒரு காரியம் செய்தான். முடுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் தன் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டான். நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை நேர்கோடு. நட்டு தளர்ந்தால் கோடு உடையும், முடுக்காத நட்டுக்குக் கோடே இருக்காது. சட்டையில் தைத்த இடம், தைக்காத இடம் என்று தினமும் பார்க்கிறவனுக்குத் தானாக வந்த யோசனை.

ஒருதரம் அடியிலிருந்து வெளியே வந்து பார்த்தார். "என்ன மாப்ளே இது?"

"அடையாளம்."

"காருக்குக் காலர் வைக்கப்போறியா, கை வைக்கப்போறியா?"

"இல்ல மாமா, எது முடுக்கினது எது முடுக்காததுன்னு..."

"அதுக்குத்தானே இது இருக்கு?" என்று தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். நெற்றியில் கிரீஸ் ஒட்டியது. பழைய துணியை எடுத்து, ஒவ்வொரு கோடாகத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, சந்தேகம் எப்படி ஒரு தொற்றுநோய், அது எப்படி முதலில் தையல்காரர்களைத் தாக்குகிறது என்று விளக்கினார். மச்சினன் சாக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டான்.

மிச்சம் இருந்தவை நான்கு நட்டுகள். முன்சக்கரம் ஒவ்வொன்றையும் வண்டியோடு பிடித்துவைத்திருப்பது கீழே இருக்கும் ஓர் இரும்புக் கை. லோயர் ஆர்ம் என்பார்கள். ஒரு கைக்கு இரண்டு பெரிய போல்ட், இரண்டு நட்டு. இவற்றை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். கையால் முடுக்கி விட்டுவிட்டு, வண்டியைக் கீழே இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் நீள ஸ்பானர் போட்டு இறுக்க வேண்டும். இதை ஒருதரம் படித்திருந்தார், சரியாகவே புரிந்துகொண்டிருந்தார், மச்சினனுக்கு இருபது நிமிடம் சொல்லியும் கொடுத்தார்.

"அப்போ கடைசியில மறக்காம முடுக்கணும்," என்றான் மச்சினன்.

"மறக்காம."

"மறந்துட்டா?"

"நிலாவை நெனச்சுக்கோ மாப்ளே."

ஐந்து மணிக்குக் கார் ஜாக்கிலிருந்து இறங்கியது. நான்கு விரல்கடை தாழ்ந்து, சக்கரத்தின் மேல் இடைவெளியே இல்லாமல், பாயப்போகும் மிருகம் பதுங்கியதுபோல் நின்றது. ஒருதரம் பின்னால் போய்ப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், கண்ணாடியில் தம்மையும் சேர்த்துப் பார்த்தார். அந்த நேரம் எதிர்வீட்டுப் பல் டாக்டர் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "சார், நீங்களேவா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

அந்த ஒரு கேள்விக்கு ஒருதரம் நாற்பது நிமிடம் பதில் சொன்னார். ரப்பர் முறுக்குவதைப் பற்றியும், எடை இறங்கிய பிறகே அந்த நான்கு நட்டுகளை இறுக்க வேண்டியதன் அறிவியல் பற்றியும் அவர் பல் டாக்டருக்குச் சொன்னது, அந்தத் துறையில் ஒரு முழுமையான உரை என்றே சொல்லலாம். பேசிக்கொண்டிருக்கும்போது கொட்டகைக்குள் இரும்பில் இரும்பு படும் சத்தம் கேட்டது. மச்சினன் முடுக்குகிறான் என்று நினைத்துக்கொண்டார். மச்சினன் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கி முடித்துக் கை கழுவப் போய் வந்தபோது, மாமா கார் ஓரம் ஒரு முழங்காலை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். முடுக்கி முடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். மாமா கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டிருந்தார்.

நான்கு நட்டுகளும் கை இறுக்கத்திலேயே இருந்தன.

ஏழு மணிக்கு மனைவி மருந்துக்கடையிலிருந்து வந்தாள். பகலெல்லாம் மாத்திரையை ஒரு தரம் எண்ணி, கவரில் போடுமுன் மறுபடி எண்ணி, பெயரைப் படித்து, கொடுக்கும்போது மறுபடி படிக்கிற தொழில் அவளுடையது. ஒருதரம் அவளைப் பெண்பார்க்கப் போனபோது, அவள் அவர் பெயரை இரண்டு தரம் கேட்டாள். கல்யாண வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே மனக்குறை அதிலிருந்து தொடங்கியது.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"முழுசா?"

"முடிஞ்சுதுன்னா முழுசாத்தான். முக்கால்வாசி முடிஞ்சா முடியலைன்னு சொல்லுவேன்."

"பாப்பாவும் வர்றா. அதான் கேக்கிறேன்."

"கேட்டே. சொன்னேன். இதே மாதிரி நீ மாத்திரை எண்ற நேரத்தை மிச்சம் பிடிச்சிருந்தா..."

"இந்நேரம் நிலாவுல மருந்துக்கடை வச்சிருப்பேன். தெரியும்," என்று சொல்லிவிட்டு, கொட்டகைப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஒருதரம் அந்த இழுப்பைப் பார்த்து, காற்றில் இரண்டு பூஜ்யம் போட்டுக் காட்டினார். மச்சினன் சிரித்தான். சிரித்துக்கொண்டே எதையோ கேட்க வாயெடுத்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஞாயிறு காலை ஒருதரத்தால் எழுந்திருக்க முடியவில்லை. நாள் முழுக்கத் தரையில் கிடந்ததில் முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது. வெந்நீர்ப் பையை அண்டக்கொடுத்து, சன்னலோரக் கட்டிலில் அவரைச் சாய்த்துவைத்துவிட்டு, ஒன்பதரைக்கு மனைவியும் மகளும் காரில் ஏறினார்கள்.

வெளியே காற்று அசையவே இல்லை. கார் பின்னால் நகர்ந்து கேட்டைத் தாண்டி, பிரேக் பிடித்து நின்றது. 'டொக்'. முன்னால் நகர்ந்தது. 'டொக்'.

மகள் கண்ணாடியை இறக்கினாள். "அப்பா! பெரியம்மா பல்லைக் கடிக்கிறா!"

"புதுச் சாமான் மா! பழகுற வரைக்கும் அப்படித்தான்!" என்று கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார்.

மனைவி இஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தரம் கேட்கலாமா என்ற யோசனை அவள் முதுகில் தெரிந்தது. பிறகு கார் தெருமுனையில் திரும்பியது. திரும்பும்போது இன்னொரு 'டொக்'. அது ஒருதரத்துக்குக் கேட்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு மச்சினன் வந்தான். மொபெட்டின் இரண்டு பக்கமும் டெலிவரிக்குத் தைத்த துணி மூட்டைகள். நேற்று விட்டுப்போன அளவு நாடாவைத் தேடி எடுத்து, சுருட்டிக்கொண்டே சன்னலோரம் நின்றான்.

"அக்கா கிளம்பிட்டாளா மாமா? வண்டி எப்படி இருக்காம்?"

"கல்லு மாதிரி இருக்கு. லேசா ஒரு டொக். பழகிடும்."

"டொக்கா?" மச்சினன் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்தினான். "அந்தப் பெரிய நட்டு நாலையும் முடுக்குறப்போ ஏதாச்சும் சத்தம் வந்துதா?"

"அது உனக்குத்தானே தெரியும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே முடுக்கினீங்க."

"நான் எங்க முடுக்கினேன்? நான் பல் டாக்டர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். நீதான் உள்ள..."

"நான் ஸ்பானரை அடுக்கிக்கிட்டிருந்தேன் மாமா."

வெந்நீர்ப் பை கட்டிலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. இருவரில் யாரும் அதை எடுக்கவில்லை. இருவரும் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள்; அங்கேதான் கார் இல்லையே.

"நீ ஏன்டா கேக்கல?" என்றார் ஒருதரம்.

"ஆறு தடவை கேட்டேன் மாமா. ஆறு தடவையும் நிலாவுக்கு அனுப்பினீங்க." மச்சினன் நாடாவைப் பையில் திணித்தான். "ஏழாவது தடவை கேக்கணும்னு நேத்துச் சாயங்காலம் வாய் வரைக்கும் வந்துச்சு. திட்டுவீங்கன்னு முழுங்கிட்டேன்."

ஒருதரம் மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைக் கைப்பைக்குள் போட்டு, பையைப் பின் சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுவிடுகிறவள் அவள். அந்த ஒழுக்கத்தை அவர் பலமுறை கேலி செய்திருக்கிறார். எட்டாவது தடவை போட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அப்படியென்றால் மலைப்பாதையில் இறங்கிவிட்டாள்.

முதுகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எழுந்து, நீள ஸ்பானரையும் காரின் மாற்றுச் சாவியையும் எடுத்துக்கொண்டு, மொபெட்டின் பின்னால், துணி மூட்டைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தார். மச்சினன் முறுக்கினான்.

முதல் வளைவு. ஒன்றுமில்லை. ஒருதரத்தின் மூளை அதுவாகவே கணக்குப் போடத் தொடங்கியது: கையால் முடுக்கிய நட்டு, ஒரு வளைவுக்கு எத்தனை பிரேக், ஒரு பிரேக்குக்கு எத்தனை அசைவு, நட்டில் எத்தனை மரைச் சுற்று. வகுப்பில் இந்த மாதிரிக் கணக்குக்கு விடை எப்போதும் ஒரு சின்ன எண்ணாக, புள்ளிக்குப் பிறகு நிறையப் பூஜ்யத்தோடு வரும். இப்போது அந்தப் பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டு வந்தன. மூன்றாவது வளைவில் கணக்கை நிறுத்தினார். நிறுத்தியது போதாமல், எண்களே தெரியாத ஆளாக இருந்திருக்கலாமே என்று நினைத்தார்.

நான்காவது வளைவில் தடுப்புச் சுவர் ஓரிடத்தில் உடைந்திருந்தது. கீழே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

"நிறுத்து. நிறுத்துடா. இது பழசா, புதுசா?"

மச்சினன் குனிந்து பார்த்தான். "பாசி பிடிச்சிருக்கு மாமா. பழசு."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவை பாரு."

மச்சினன் திரும்பி மாமாவைப் பார்த்தான். இறங்கிப் போய், உடைந்த செங்கல்லை விரலால் தேய்த்து, பச்சையான விரலைத் தூக்கிக் காட்டினான்.

ஐந்தாவது வளைவில் எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. டிரைவர் கையை வெளியே நீட்டிக் கீழே எதையோ சுட்டிக்காட்டினார். நிறுத்திக் கேட்பதற்குள் போய்விட்டார். ஆறாவது வளைவைத் தாண்டியதும் ரோட்டில் புதிய டயர்க் கோடு இருந்தது. கறுப்பாக, இடது பக்கம் இழுபட்டு, ஓரத்து வெள்ளைக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அங்கிருந்து இருபதடி தள்ளி, ரோடு கொஞ்சம் அகலமாகிற இடத்தில், மலைப்பக்கம் ஒட்டி, கார் நின்றுகொண்டிருந்தது.

கதவுகள் மூடியிருந்தன. உள்ளே யாரும் இல்லை.

ஒருதரம் ஓடினார். ஓடிப்போய் எல்லாக் கண்ணாடியிலும் முகத்தை வைத்துப் பார்த்தார். பின் சீட்டில் மகளின் தண்ணீர்ப் பாட்டில் கிடந்தது. கைப்பை இல்லை. பெயர் சொல்லிக் கத்தினார். மலை அவருக்கே திருப்பிச் சொன்னது. தடுப்புச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தவரை, மச்சினன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"மாமா, இங்க வாங்க. சக்கரத்தைப் பாருங்க."

நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் அண்டக்கொடுத்திருந்தது. எட்டுக் கல். முன்கண்ணாடித் துடைப்பானின் கீழ் ஒரு தாள். மருந்து கவரில் எழுதுகிற அதே உருண்டையான, எல்லோருக்கும் புரிகிற எழுத்து:

"முன் இடது சக்கரம். பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுக்கிறது. கையால் ஆட்டினால் ஆடுகிறது. இரண்டு முறை ஆட்டிப் பார்த்தேன். இரண்டு முறையும் ஆடியது. நாங்கள் பஸ்ஸில் போகிறோம். யாரும் இதை ஓட்ட வேண்டாம். யாரும் இதை ஓட்ட வேண்டாம்."

ஒருதரம் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். கால்மணி நேரம் அவர் பேசவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். மச்சினன் துணி மூட்டையிலிருந்து யாருடைய புதுச் சட்டையையோ எடுத்துக் கொடுத்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பிவைத்து, இடது சக்கரத்தின் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். முன் நட்டு விரலாலேயே சுழன்றது. பின் நட்டு கடைசி இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வளைவு, இல்லை இரண்டு. போல்ட் வெளியே வந்திருந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் படுத்திருக்கும். அந்த இரண்டு மரைகளும் வெயிலில் பளபளத்தன. அவர் அவற்றை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரைப் போட்டு, முதுகு கத்தக் கத்த, நான்கையும் இறுக்கினார்.

மச்சினனின் போன் அடித்தது; அவனுடைய கம்பெனிக்கு மட்டும் அந்த இடத்தில் சிக்னல் இருந்தது. மச்சினன் எடுத்தான். "ஆமாக்கா... இங்கதான் இருக்கோம்... அப்பா எப்படி இருக்கார்?... சரி... சரி... பக்கத்துலதான் இருக்கார்." போனை நீட்டினான். ஒருதரம் கிரீஸ் கையைக் காட்டித் தலையாட்டினார். மச்சினன் போனைக் காதில் வைத்து, "கை அழுக்கா இருக்காம்," என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று அவன் மாமாவிடம் சொல்லவில்லை. அவர்கள் வாடகைக் கார் வைத்துக்கொண்டு வருவார்கள் என்பதை மட்டும் சொன்னான்.

கற்களை எடுத்துப்போட்டுவிட்டு, வண்டியைத் திருப்பி, மேலே ஏறத் தொடங்கினார்கள். முன்னால் கார், நடக்கிறவன் வேகத்தில், பின்னால் மொபெட். 'டொக்' இல்லை. சாமான் கல் மாதிரி இருந்தது.

ஆறாவது வளைவில் கார் ஓரம் கட்டி நின்றது. ஒருதரம் இறங்கி, படுத்து, நான்கு நட்டிலும் ஸ்பானரை வைத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஏறிக்கொண்டார். ஐந்தாவது வளைவில் நின்றார், இறங்கினார், படுத்தார். பின்னால் மாட்டிக்கொண்ட ஒரு வேன் ஹாரன் அடித்தது. கையைக் காட்டி, போகச் சொன்னார். நான்காவது வளைவில் எழுந்து கதவைத் திறந்தவர், மறுபடி மூடிவிட்டு, மறுபடி படுத்தார்.

மூன்றாவது வளைவில் மச்சினன் மொபெட்டை அணைத்து, ஸ்டாண்டு போட்டு, துணி மூட்டையைக் கீழே இறக்கி அதன் மேல் உட்கார்ந்தான். காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"மாப்ளே," என்று அடியிலிருந்து ஒரு சன்னமான குரல் வந்தது. "நான் பாத்துட்டேன். நீயும் ஒரு தடவை வந்து பாரேன்."